எண்ணியல் கட்டுப்பாட்டு இயந்திரமும் ஒற்றைப் பலகைக் கணினியும்: துடிப்பின் காலத் துல்லியம் குறித்த ஒரு விளக்கம்

ஆய்வுச்சுருக்கம்

சில ஆயிரம் ரூபாய் விலையுள்ள ஒற்றைப் பலகைக் கணினியைக் கொண்டு சி.என்.சி. இயந்திரத்தை இயக்க இயலுமா என்னும் வினாவிற்கு ‘இயலும்’ என்ற விடையே பரவலாகக் கிடைக்கிறது. அவ்விடை பாதி உண்மையே ஆகும். கணக்கிடும் வேகம் என்பது வேறு. குறித்த கணத்தில் குறித்த செயலைத் தவறாது செய்தல் என்பது வேறு. இயந்திரத்தின் மோட்டார் கேட்பது இரண்டாவதை. ராஸ்பெரி பை, பீகிள்போன் பிளாக் ஆகிய பலகைகளையும் லினக்ஸ்-சி.என்.சி., ஜி.ஆர்.பி.எல். ஆகிய மென்பொருள்களையும் சான்றாகக் கொண்டு, துடிப்புகளின் காலத்தை எந்தப் பகுதி காக்க வேண்டும் என்பதையும், அதனைப் பிழையாக முடிவு செய்தால் விளையும் கேடுகளையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: ஒற்றைப் பலகைக் கணினி, எண்ணியல் கட்டுப்பாடு, நிகழ்நேர இயக்கம், தாமதம், படி மோட்டார், மறுபொருத்தம்.

முன்னுரை

வார்ப்பிரும்புப் படுக்கையும் தரமான பந்துத் திருகும் கொண்ட ஓர் இயந்திரம் முப்பது ஆண்டுகள் உழைக்கக் கூடியது. அதனை இயக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு அவ்வளவு ஆயுள் இல்லை. மின்தேக்கிகள் வறண்டு போகின்றன. பலகைகளுக்கு மாற்று கிடைப்பதில்லை. உற்பத்தி செய்த நிறுவனமே அந்த வரிசையைக் கைவிட்டுவிடுகிறது. உடல் நலமாக இருக்க மூளை மட்டும் மடிந்துபோன இத்தகைய இயந்திரங்கள் சிறு பட்டறைகளிலும் கல்லூரி ஆய்வகங்களிலும் துணி போர்த்தி வைக்கப்பட்டிருப்பது புதிய காட்சியன்று. புதிய கட்டுப்பாட்டுப் பெட்டியின் விலை, சில வேளைகளில் பழைய இயந்திரத்தின் இன்றைய மதிப்பையே விஞ்சிவிடும். ஆகவே ஒற்றைப் பலகைக் கணினியால் அவ்விடத்தை நிரப்ப முடியுமா என்பதைப் பொழுதுபோக்காளரின் வினாவாக மட்டும் கருத இயலாது. ஓர் இயந்திரம் மீண்டும் உழைக்குமா, பழைய இரும்பு விலைக்குப் போகுமா என்பதை அவ்வினாவின் விடை தீர்மானிக்கிறது.

கலைச்சொற்கள் குறித்து ஒரு குறிப்பு இங்கே தேவைப்படுகிறது. பட்டறைத் தமிழில் ஸ்பிண்டில், டிரைவர், ரிலே, லிமிட் சுவிட்ச் ஆகியன அப்படியே வழங்குகின்றன. இயந்திரத்தின் அருகில் நிற்பவருக்குப் புரியாத மொழியாக்கம் பாதுகாப்பிற்கே ஊறு செய்யும் என்பதால் அச்சொற்கள் இங்கும் அவ்வாறே ஆளப்படுகின்றன.

பின்புலம்

எண்ணியல் கட்டுப்பாட்டின் தொடக்கம் ஜான் பார்சன்சின் கருத்திலும், அதனை வளர்த்தெடுத்த மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ஆய்வகத்திலும் அமைகிறது. எண்களால் இயக்கப்பட்ட அரைவை இயந்திரம் அங்கு 1952ஆம் ஆண்டு மக்கள் முன் காட்டப்பட்டது. அக்காலத்தில் கட்டளைகள் துளையிட்ட நாடாவில் இருந்தன. இன்று ஜி-குறி என்று வழங்கும் கட்டளை மொழி அம்மரபின் வழிவந்தது. அமெரிக்காவில் அதன் தரவரையறை ஆர்.எஸ்-274-டி என்ற பெயரில் 1980ஆம் ஆண்டு இறுதி வடிவம் பெற்றது.

1990களில் அமெரிக்காவின் தேசியத் தரநிலை மற்றும் தொழில்நுட்ப நிறுவனம், பொதுவான கணினியிலேயே இயங்கும் கட்டுப்பாட்டு மென்பொருள் ஒன்றை உருவாக்கியது. பின்னர் தன்னார்வலர் கைக்கு வந்து, இன்று லினக்ஸ்-சி.என்.சி. என்ற பெயரில் திறமூல மென்பொருளாக வளர்ந்திருப்பது அதுவே. மேசைக்கணினியின் இணை முனையத்திலிருந்து நேரடியாக மோட்டாருக்குத் துடிப்பு அனுப்பும் வழக்கம் இம்மென்பொருளால் பரவலாயிற்று. 2012இல் ராஸ்பெரி பையும் 2013இல் பீகிள்போன் பிளாக்கும் வெளிவந்தபின், அதே பணியை உள்ளங்கை அளவுள்ள பலகையிடம் ஒப்படைக்கும் முயற்சிகள் தொடங்கின.

இயந்திரம் கேட்பது என்ன?

சிறு இயந்திரங்களில் பெரும்பாலானவை படி மோட்டாரைக் கொண்டவை. டிரைவருக்கு ஒரு துடிப்பு வந்தால் மோட்டார் ஒரு நுண்படி நகரும். மற்றொரு கம்பியில் உள்ள குறிகை திசையைக் கூறும். ஒரு சுற்றுக்கு 200 படிகள் கொண்ட மோட்டார், படிக்கு 8 நுண்படிகளாக அமைக்கப்பட்ட டிரைவர், 5 மி.மீ. புரியிடைவுள்ள பந்துத் திருகு என்னும் அமைப்பை எடுத்துக்கொள்ளலாம். ஒரு சுற்றுக்கு 1600 துடிப்புகள். எனவே ஒரு மில்லிமீட்டருக்கு 320 துடிப்புகள். நிமிடத்திற்கு 3000 மி.மீ. என்னும் வேகம் நொடிக்கு 50 மி.மீ. ஆகும். அதற்கு நொடிக்கு 16,000 துடிப்புகள் வேண்டும். அதாவது ஒவ்வொரு 62.5 மைக்ரோ நொடிக்கும் ஒரு துடிப்பு, ஒவ்வோர் அச்சுக்கும், வேலை முடியும்வரை இடைவிடாமல் வர வேண்டும்.

துடிப்புகளின் எண்ணிக்கை சரியாக இருந்தால் மட்டும் போதாது. ஓடிக்கொண்டிருக்கும் மோட்டாருக்கு ஒரு துடிப்பு 300 மைக்ரோ நொடி தாமதித்து வந்தால், ஐந்து துடிப்புகளுக்குரிய நேரம் காந்தப்புலம் அசையாமல் நிற்கும். பிறகு அது திடீரெனப் பழைய வேகத்தில் ஓடத் தொடங்கும். சுமையோடு சுழலும் சுழலி அவ்வதிர்ச்சியைப் பின்தொடர இயலாமல் ஒத்தியக்கத்தை இழக்கலாம். பெரும்பாலான படி மோட்டார் அமைப்புகளில் பின்னூட்டம் இல்லை. ஆகவே நிகழ்ந்த இழப்பைக் கட்டுப்பாட்டுக் கணினி அறியாது. திரையில் இடமதிப்பு சரியாகவே காட்டப்படும். வெட்டுக்கருவியோ அடுத்த துளையை வேறோர் இடத்தில் இடும்.

இவ்விழப்பிற்கு ஓர் அடையாளம் உண்டு. பட்டறையில் அது பெரிதும் பயன்படும். மோட்டார் ஒத்தியக்கத்தை இழக்கும்போது நான்கு முழுப் படிகளின் மடங்குகளாகவே நழுவும். மேற்சொன்ன அமைப்பில் நான்கு படி என்பது 0.1 மி.மீ. எனவே பிழை 0.1, 0.2, 0.3 மி.மீ. எனத் தாவி அமைந்தால், மோட்டார் நழுவியது என ஐயுறலாம்: வேகம், முடுக்கம், துடிப்பின் தாமதம் ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும். மாறாக, திசை மாறும் ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 0.003 மி.மீ. வீதம் பிழை சேர்ந்துகொண்டே போனால், அது ஒரு நுண்படியின் அளவு. திசைக் குறிகைக்கும் துடிப்பிற்கும் இடையே டிரைவர் கேட்கும் கால இடைவெளி தரப்படவில்லை என்றோ, கம்பியில் மின் இரைச்சல் நுழைகிறது என்றோ கொள்ளலாம். இவ்விரு நோய்களுக்கும் மருந்து வேறு வேறு. வேறுபாடறியாமல் கணினியை மாற்றிக்கொண்டே இருப்பவர் பலர்.

வேகமும் தாளமும்

ஆர்டுயினோ ஊனோவின் நுண்கட்டுப்படுத்தி 16 மெகாஹெர்ட்சில் இயங்குவது. அதன் தற்காலிக நினைவகம் 2 கிலோபைட் மட்டுமே. ராஸ்பெரி பை 4இன் செயலியோ நான்கு கருக்களோடு 1.5 கிகாஹெர்ட்சில் இயங்குகிறது. ஆயினும் துடிப்பிடும் பணியில் முன்னது பின்னதை வெல்வதுண்டு. வேகமாக வாசிப்பவர் அனைவரும் தாளம் தவறாதவர் அல்லர் என்பது இசையரங்கில் அமர்ந்த எவருக்கும் தெரியும். நுண்கட்டுப்படுத்தியில் ஒரே நிரல் ஓடுகிறது. கடிகாரக் குறுக்கீடு வந்தவுடன் அது துடிப்பை இடுகிறது. லினக்ஸ் போன்ற பொதுப்பயன் இயங்குதளத்திலோ திரை வரைதல், வலையிணைப்பு, நினைவட்டையில் எழுதுதல் என நூறு பணிகள் செயலியை வேண்டி வரிசையில் நிற்கின்றன. அவற்றுள் ஒன்று முந்திக்கொண்டால் துடிப்பு பிந்தும். சராசரித் தாமதம் மிகக் குறைவாகவே இருக்கும். இடர் தருவது எப்போதோ ஒருமுறை வரும் பெருந்தாமதம்.

இதற்கெனவே லினக்ஸ் கெர்னலுக்கு நிகழ்நேரத் திருத்தங்கள் உருவாக்கப்பட்டன. நெடுங்காலம் தனியாக ஒட்டப்பட்டு வந்த பிரீஎம்ப்ட்-ஆர்.டி. திருத்தம், 2024இல் வெளிவந்த கெர்னல் 6.12 பதிப்பில் முதன்மைக் கிளையிலேயே இணைக்கப்பட்டது. இத்திருத்தம் மிகப்பெரிய தாமதத்தை வெகுவாகக் குறைக்கிறது, முற்றிலும் நீக்குவதில்லை. மேலும் மென்பொருள்வழித் துடிப்பில் மற்றொரு குறை உண்டு. மென்பொருள் 25 மைக்ரோ நொடிக்கு ஒருமுறை விழித்துத் துடிப்பிட வேண்டுமா எனப் பார்க்கிறது என்று கொள்வோம். தேவைப்படும் இடைவெளி 62.5 மைக்ரோ நொடி. 25இன் மடங்குகளில் மட்டுமே துடிப்பிட முடியும் என்பதால் ஒரு துடிப்பு 50இலும் அடுத்தது 75இலும் விழும். தாமதம் அறவே இல்லாத கணினியிலும் மோட்டார் காணும் வேகம் நொடிக்கு 62.5 மி.மீ., 41.7 மி.மீ. என மாறி மாறித் துள்ளும். மெதுவான வேலைக்கு இது பொருட்டன்று. வேகம் ஏறும்போதே மோட்டாரின் ஓசையில் கரகரப்பு கேட்கத் தொடங்கும்.

ஆகவே ராஸ்பெரி பையின் ஊசிகளிலிருந்து நேரடியாகத் துடிப்பு அனுப்புவது கற்பித்தலுக்கும் மெதுவான சிறு இயந்திரத்திற்கும் ஏற்றதே தவிர, உலோகம் அரைக்கும் இயந்திரத்தின் மறுபொருத்தத்திற்கு ஏற்றதன்று.

துடிப்பைப் பிறரிடம் ஒப்படைத்தல்

எளிய வழி, துடிப்பிடும் பணியை முழுவதும் நுண்கட்டுப்படுத்திக்கு அளித்துவிடுவது. 2009ஆம் ஆண்டளவில் தொடங்கப்பட்ட ஜி.ஆர்.பி.எல். மென்பொருள் இவ்வகையில் பெரும் புகழ் பெற்றது. ஆர்டுயினோ ஊனோவில் அமர்ந்து ஜி-குறியைப் படித்து, முடுக்கத்தைத் திட்டமிட்டு, நொடிக்கு 30,000 துடிப்புகள் வரை அது இடவல்லது. ராஸ்பெரி பையின் பணி வரிகளை ஒவ்வொன்றாக அனுப்புவது மட்டுமே. அஞ்சல்காரர் சற்றுப் பிந்தினாலும் கேடில்லை. நுண்கட்டுப்படுத்தியிடம் கையிருப்பாகச் சில வரிகள் இருக்கும்.

அக்கையிருப்பு எவ்வளவு என்பதில்தான் இவ்வழியின் எல்லை அடங்கியுள்ளது. சிற்பம் போன்ற வளைபரப்புகளை வெட்டும் கோப்பில் பாதை, 0.1 மி.மீ. நீளமுள்ள எண்ணற்ற நேர்க்கோடுகளாக வரும். நொடிக்கு 50 மி.மீ. வேகத்திற்கு நொடிக்கு 500 வரிகள் தேவை. தொடர் இணைப்பின் வேகம் நொடிக்கு 1,15,200 பிட். ஒரு பைட்டுக்கு 10 பிட் எனக் கொண்டால் 11,520 பைட். வரிக்குச் சராசரியாக 25 பைட் என்றால் ஏறத்தாழ 460 வரிகளே செல்லும். இணைப்பே போதவில்லை.

அதைவிட நுட்பமான தடை மற்றொன்று. ஜி.ஆர்.பி.எல். 1.1 பதிப்பின் திட்டமிடு பகுதி 16 அசைவுகளை மட்டுமே முன்னோக்கிப் பார்க்கிறது. அடுத்த வரி வராமலே போகலாம் என்பதால், கையிருப்பில் உள்ள கடைசி அசைவின் முடிவில் நின்றுவிடும் வகையிலேயே எப்போதும் அது வேகத்தை வகுக்கும். 0.1 மி.மீ. வீதம் 16 அசைவுகள் என்பது 1.6 மி.மீ. தொலைவு. முடுக்கம் நொடி வர்க்கத்திற்கு 500 மி.மீ. எனில், அத்தொலைவிற்குள் நிற்கக்கூடிய மிகுதியான வேகம் நொடிக்கு 40 மி.மீ. மட்டுமே, 50இலிருந்து நிற்பதற்கு 2.5 மி.மீ. வேண்டும். கோப்பில் எவ்வளவு பெரிய வேகத்தை எழுதினாலும் இயந்திரம் அதனை எட்டாது. ‘இயந்திரம் தயங்குகிறது’ என்று பட்டறைகளில் கூறப்படும் குறைக்கு ராஸ்பெரி பையின் மீது பழி சுமத்தப்படுவதுண்டு. உண்மையில் அஞ்சல் பெறும் இடத்தில்தான் நெருக்கடி. வெட்டுக்கருவி மெல்ல நகர்ந்தபடி ஸ்பிண்டில் மட்டும் முழு வேகத்தில் சுழல்வதால் மரம் கருகுவதும் கருவியின் முனை தேய்வதும் இதன் விளைவே. இன்று 32 பிட் நுண்கட்டுப்படுத்திகளில் இயங்கும் வழித்தோன்றல்கள் பெரிய கையிருப்பைக் கொண்டுள்ளன. புதிதாக ஒன்றை அமைப்பவர் ஊனோவைத் தேர்வதற்கு விலையன்றி வேறு காரணம் இல்லை.

பீகிள்போன் பிளாக் வேறொரு தீர்வைத் தன் சில்லுக்குள்ளேயே வைத்துள்ளது. அதன் முதன்மைச் செயலியின் அருகில் 200 மெகாஹெர்ட்சில் ஓடும் இரண்டு சிறு நிகழ்நேரச் செயலிகள் உள்ளன. பெரும்பாலான ஆணைகள் அவற்றில் 5 நானோ நொடியில் முடியும். எந்த இயங்குதளமும் அவற்றைக் குறுக்கிடுவதில்லை. லினக்ஸ்-சி.என்.சி.யிலிருந்து கிளைத்த மெஷின்கிட் இவற்றைத் துடிப்பிடப் பயன்படுத்தியது. வடிவமைப்பில் இதுவே மிக அழகானது. எனினும் பலகையின் முதன்மைச் செயலி இன்றைய அளவுகோலில் மெதுவானது. வரைகலைத் திரையை இயக்கவே அது திணறும்.

மறுபொருத்தத்திற்குப் பெரிதும் தகுந்தது மூன்றாம் வழியாகும். களத்தில் நிரலிடத்தக்க வாயில் அணியைக் கொண்ட துணைப்பலகை துடிப்பிடும். கணினி ஒவ்வொரு மில்லி நொடிக்கும் ஒருமுறை வேகத்தை மட்டும் கூறும். மேசா எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தின் 7சி80, 7சி81 ஆகிய பலகைகள் ராஸ்பெரி பையின் 40 ஊசித் தலைப்பில் பொருந்துமாறு செய்யப்பட்டவை. 7ஐ76இ ஈதர்நெட் வழி இணைவது. இங்கே கணினி 100 மைக்ரோ நொடி பிந்தினாலும் துணைப்பலகை முன் கூறிய வேகத்தில் சீராகத் துடிப்பிட்டுக்கொண்டே இருக்கும். நொடிக்கு 50 மி.மீ. வேகத்தில் 100 மைக்ரோ நொடி என்பது 0.005 மி.மீ.; அதுவும் முழு வேகத்தில் செல்கையில் அன்று, வேகம் மாறும் கணத்தில் மட்டுமே வெளிப்படும். அடுத்த சுழற்சியில் கணினி, இடப்பட்ட துடிப்புகளின் எண்ணிக்கையைப் படித்து அதனைத் திருத்திவிடும். 62.5 மைக்ரோ நொடிக்குள் செய்தே தீர வேண்டியிருந்த பணி, ஆயிரம் மைக்ரோ நொடி அவகாசமுள்ள பணியாக மாறுகிறது. சிறு கணினிக்கு இவ்வவகாசம் தாராளம்.

அளந்தறிதல்

எவ்வழியைத் தேர்ந்தாலும் தாமதத்தை அளக்காமல் இயந்திரத்தை இணைத்தல் கூடாது. லினக்ஸ்-சி.என்.சி.யுடன் வரும் தாமதச் சோதனை நிரலைச் சில மணி நேரமாவது ஓடவிட வேண்டும். அந்நேரத்தில் கோப்புகளைப் படியெடுத்தும், சாளரங்களை இழுத்தும், வலையிணைப்பைப் பயன்படுத்தியும் கணினிக்குத் தொல்லை தர வேண்டும். அமைதியாக விடப்பட்ட கணினியின் அளவீடு பொய்யானது. காண வேண்டியது சராசரியை அன்று, மிகப்பெரிய எண்ணை.

செயலியின் வேகத்தை இயங்குதளம் ஏற்றி இறக்காமல் நிலைநிறுத்துதலும், ஒரு கருவை நிகழ்நேரப் பணிக்கென ஒதுக்குதலும் அவ்வெண்ணைக் குறைக்கும். வெப்பத்தையும் மறத்தல் ஆகாது. ராஸ்பெரி பை 4 ஏறத்தாழ 80 பாகை செல்சியசில் தன் வேகத்தைத் தானே குறைக்கத் தொடங்கும், மின்னழுத்தம் 4.63 வோல்ட்டிற்குக் கீழ் இறங்கினாலும் எச்சரித்து வேகம் குறையும். காலையில் தேறிய சோதனை, சித்திரை நண்பகலில் மூடிய இரும்புப் பெட்டிக்குள் தோற்பதற்கு இதுவே காரணமாகலாம். கைபேசிக்குரிய மின்னேற்றியைக் கொண்டு இயந்திரத்தை இயக்குவது சிக்கனமாகத் தோன்றும். சிதைந்த ஒரு வேலைப்பொருளின் விலை அச்சிக்கனத்தை விழுங்கிவிடும்.

மின்னிணைப்பும் உயிர்ப் பாதுகாப்பும்

ராஸ்பெரி பையின் ஊசிகள் 3.3 வோல்ட்டிற்கு உரியவை. 5 வோல்ட்டைத் தாங்கா. டிரைவர்களின் ஒளியிணைப்பு உள்ளீடுகளோ பொதுவாக 5 வோல்ட்டையும் சில மில்லி ஆம்பியர் மின்னோட்டத்தையும் எதிர்பார்ப்பவை. நேரடியாக இணைத்தாலும் பல வேளைகளில் மோட்டார் சுழலும். அவ்வாறு சுழல்வதே தீங்காகிறது. குளிர்ந்த காலையில் சரியாக இயங்கி, வேலையின் நடுவில் துடிப்புகளைத் தவறவிடும். இடையே மட்டமாற்றிச் சில்லு ஒன்றை வைப்பது மிகச் சிறிய செலவு.

அதிகம் பேசப்படாத ஓர் இடர் கணினி விழித்தெழும் கணத்தில் உள்ளது. ராஸ்பெரி பை 4 வரையிலான பலகைகளில், மென்பொருள் ஆணையிடுவதற்கு முன் 0 முதல் 8 வரை எண்ணுள்ள உள்ளீட்டு வெளியீட்டு ஊசிகள் உள்ளிழுப்புத் தடையால் உயர்நிலையிலும், 9 முதல் 27 வரையுள்ளவை தாழ்நிலையிலும் இருக்கும். ஸ்பிண்டில் ரிலேயின் உணர்திறன் மிக்க உள்ளீட்டை முதல் தொகுதியில் இணைத்தவர், மின்சாரம் வந்தவுடன் ஆணை எதுவுமின்றி ஸ்பிண்டில் சுழலத் தொடங்குவதைக் காணக்கூடும். வெட்டுக்கருவியை மாற்றிக்கொண்டிருப்பவரின் விரல்கள் அப்போது அங்கே இருக்கலாம். இதே காரணத்தால் அவசர நிறுத்தப் பொத்தான் கணினிக்குச் செய்தி சொல்வதோடு நின்றுவிடக் கூடாது. டிரைவர்களுக்கும் ஸ்பிண்டிலுக்கும் செல்லும் ஆற்றலைத் தொடர்பியின் வழியாகத் தானே துண்டிக்க வேண்டும். கணினி உறைந்துபோகும் நேரத்தில்தான் அப்பொத்தானுக்கு வேலை வருகிறது. அவ்வாறு உறைந்ததை அறிந்து வெளியீடுகளைத் தானாக அணைக்கும் காவல் கடிகாரம், மேற்சொன்ன துணைப்பலகைகளில் உள்ளமைந்தே வருகிறது. லிமிட் சுவிட்சுகளை இயல்பாக மூடிய வகையாக இணைப்பதும் இதே நோக்கில்தான்: கம்பி அறுந்தால் இயந்திரம் நிற்க வேண்டும், ஓடக் கூடாது.

மின்தடை

வேலையின் நடுவில் மின்சாரம் நின்றால் பழைய கட்டுப்பாட்டுப் பெட்டிக்கும் ஒற்றைப் பலகைக் கணினிக்கும் ஒரு வேறுபாடு வெளிப்படும். பின்னது நினைவட்டையிலிருந்து இயங்குவது. எழுதிக்கொண்டிருக்கையில் ஆற்றல் அறுந்தால் கோப்பு முறைமையே சிதையலாம். முதன்மைக் கோப்பு முறைமையைப் படிக்க மட்டும் என அமைத்து, வேலைக் கோப்புகளுக்குத் தனிப் பகிர்வு ஒதுக்குவது இதற்கு ஏற்ற வழி. கணினிக்கு மட்டும் சிறு மின்கலத் துணை அளித்தல் நினைவட்டையைக் காக்குமே அன்றி வேலையைக் காக்காது. டிரைவர்கள் ஆற்றல் இழந்தவுடன் மோட்டார்கள் பிடி தளர்ந்து, செங்குத்து அச்சு தன் எடையாலேயே இறங்கக் கூடும்.

மின்சாரம் திரும்பிய பின், நின்ற வரியிலிருந்து தொடர்வது கோப்பைத் திறந்து அவ்வரியைச் சுட்டுவது போன்ற எளிய செயலன்று. ஜி-குறி நிலைதொடர் மொழி. அளவலகு, தளம், ஆயத்தொலை இடப்பெயர்ச்சி, ஸ்பிண்டில் வேகம் ஆகியவை எங்கோ மேலே ஒருமுறை கூறப்பட்டுக் கீழ்வரிகள் அனைத்திலும் தொடர்கின்றன. நடுவிலிருந்து தொடங்கும் கணினிக்கு அவை தெரியாதிருக்கலாம். சுழலாத கருவியை மரத்திற்குள் இறக்கியும் விடலாம். கருவியைக் கையால் மேலே உயர்த்தி, எல்லா அச்சுகளையும் தொடக்க இடத்திற்குக் கொண்டுசென்று, வேலைப்பொருளின் மூலப்புள்ளியை மீண்டும் தொட்டறிந்து, கோப்பின் தலைப்பு வரிகளைத் தனியே இயக்கிய பிறகே, கருவி பொருளுக்கு மேலே காற்றில் இருக்கும் ஒரு வரியிலிருந்து வேலையைத் தொடர வேண்டும்.